சிமுலேஷனுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

ரோஸ் ஹில், மொரீஷியஸ், திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பெற்றோருக்காக நான்கு பக்கக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய, கணினியில் அறிவியலைச் செய்து பார்க்க உதவும் ஃபெட் (PhET) திட்டத்தின் மின்சுற்றுப் பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். திரையில் பேட்டரி, பல்பு, கம்பி எல்லாம் இருக்கும். இழுத்துச் சேர்த்தால் பல்பு எரியும். போன வாரம் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்துவிட்டாள். பேட்டரி தீப்பற்றிக்கொண்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தீயையே பார்த்திருந்துவிட்டுக் கம்பியைக் கழற்றி, நடுவில் பல்பை வைத்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதையெல்லாம் தமிழில் எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் சிமுலேஷன் எனப்படும் அந்தப் பக்கத்தைத் தமிழில் என்னவென்று அழைப்பது என்பதில் பேனா நிற்கிறது. இணையத்தில் 'உருவகப்படுத்துதல்' என்று பார்க்கிறேன். ஒரு பாட்டியிடம் படித்துக் காட்டினேன், முகம் மாறவே இல்லை.

போர்ட் லூயி, செவ்வாய் காலை

ஆசிரியைக்கு வாழ்த்துகள். உருவகம் வேண்டாம். 'முகத்தாமரை' உருவகம், எரியும் பல்பு உருவகம் அன்று. தொல்காப்பியர் உவமவியலின் வாசலிலேயே சொல்லிவிட்டார்: 'வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்.' பாடநூலில் பேட்டரியின் படம் இருக்கிறதே, அது மெய்யால், அதாவது வடிவால் ஒத்தது. உங்கள் திரையில் இருப்பதோ பேட்டரி செய்வதைச் செய்கிறது. ஒப்புமை வினையில் இருக்கிறது. எனவே 'வினையுவமம்' என்று வைக்கலாம். இரண்டாயிரம் ஆண்டு இலக்கணம் நமக்குக் கொடுத்து வைத்த சொல்.

காத்ர் போர்ன், செவ்வாய் மாலை

ஐயா, விளக்கம் மிக அழகு. ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'வினை' என்ற சொல்லைக் கோவிலில்தான் கேட்கிறார்கள்: வினை தீர்க்கும் விநாயகர். பிள்ளை கணினியில் வினையைச் செய்கிறான் என்று எழுதினால் கலங்கிப்போவார்கள். 'பாவனை' போதாதா? டாக்டர் போலப் பாவனை செய், கடைக்காரர் போலப் பாவனை செய் என்று முதல் வகுப்பிலேயே நாடகம் நடத்துகிறோம்.

நான் அறிவியல் கற்பிப்பவள். என் கவலை வேறொன்று. இது கற்பிக்க மட்டுமன்று, சோதிக்கவும் பயன்படுகிறது. 2012இல் பீசா (PISA) என்னும் பன்னாட்டு மாணவர் தேர்வில் 15 வயது மாணவர்களிடம் வழிகாட்டிக் குறிப்பு இல்லாத ஏர்கண்டிஷனர் ஒன்றைத் திரையில் கொடுத்தார்கள். மூன்று விசைகள். எது வெப்பத்தை மாற்றும், எது ஈரப்பதத்தை மாற்றும் என்று மாணவரே அசைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் மூன்றையும் சேர்த்து அசைக்கிறார். விடை குருட்டாம்போக்கில் சரியாகிவிடலாம். இன்னொருவர் இரண்டை அசையாமல் வைத்து ஒன்றை மட்டும் நகர்த்துகிறார். கணினி ஒவ்வோர் அசைவையும் பதிந்து வைக்கிறது. விடைத்தாளில் தெரியாத யோசனை அங்கே தெரிகிறது. அந்தப் பதிவுக்கும் ஒரு சொல் வேண்டும்.

போர்ட் லூயி, செவ்வாய் இரவு

பதிவுக்குச் 'சுவடு' போதும். நடந்தவரின் கால் எங்கெங்கே பட்டது என்று காட்டுவதுதானே அது. பாவனைக்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். வடசொல். போதாததற்கு, இலங்கைத் தமிழர் அதைப் பயன்பாடு என்ற பொருளில் வழங்குகிறார்கள்.

ரீயூனியன், புதன் காலை

ஐயா, பாவனை ஏன் 'பாவை'யிலிருந்து வந்திருக்கக் கூடாது? 'மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று' என்கிறது 1020ஆம் குறள். கயிற்றை இழுத்தால் உயிருள்ளதுபோல ஆடுகிறது மரப்பாவை. வள்ளுவர் நாணம் இல்லாதவரைச் சொல்ல வந்தார், உண்மைதான். ஆனாலும் கயிற்றைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டால் நாம் பேசும் பொருள் அதுவேதான்.

போர்ட் லூயி, புதன் நண்பகல்

தம்பி, குறளைக் கொண்டுவந்ததற்கு மகிழ்ச்சி. ஆனால் பாவனை, 'பூ' என்னும் வடமொழி வேரில் பிறந்தது. பாவைக்கும் அதற்கும் ஒலி உறவு மட்டுமே.

மோக்கா, புதன் இரவு

நான் இளையவன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், கிரியோலில் பேசுகிறார்கள். 'சிமிலாசியோன்' அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அதையே தமிழ் எழுத்தில் எழுதினால் என்ன? முருங்கையை இந்தத் தீவே 'முரூம்' என்கிறது. எந்தக் குழு கூடி அந்தச் சொல்லைக் கொடுத்தது?

போர்ட் லூயி, வியாழன் அதிகாலை

முரூம் நாம் கொடுத்த சொல். கொடுப்பது வேறு, கையில் உள்ளதைக் கீழே வைத்துவிட்டு வாங்குவது வேறு. 1998இல் நம் நாட்டின் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது நம் மக்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. ஒரு வரியின் இடத்துக்காக அவ்வளவு பாடுபட்டவர்கள், ஒரு சொல்லை மட்டும் முயன்று பார்க்காமலே விட்டுவிடலாமா?

காத்ர் போர்ன், வியாழன் காலை

ஐயா, நோட்டு விஷயத்தில் என் அப்பாவும் உங்கள் பக்கம்தான். ஆனால் நாளை அச்சு. வடசொல்லை வடவெழுத்து நீக்கி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே இடம் தந்திருக்கிறார். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்றவரும் அவரே. வேர் தெரியாமல் பெற்றோர் வாழ்ந்துவிடுவார்கள். கையேட்டின் முதல் வரி புரியாவிட்டால் மூடி வைத்துவிடுவார்கள். பாவனையோடு 'களம்' சேருங்கள். நெற்களம், போர்க்களம் போல, இறங்கி ஏதாவது செய்யும் இடம் என்பது தெரியும். அந்தச் சிறுமி செய்ததும் அதுதான். 'இன்டராக்டிவ்' என்பதைக் காட்ட ஊடாடு, இடைவினை என்று முன்னால் எதுவும் வேண்டாம்.

ரீயூனியன், வியாழன் மாலை

'ஊடாடு' என்பதை அவ்வளவு விரைவாகத் தள்ள வேண்டாம் அக்கா. ஊடலும் அதற்குள் இருக்கிறதே: ஒருவர் செய்ய மற்றவர் பதில் செய்வது.

போர்ட் லூயி, வியாழன் மாலை

இல்லை. அங்கே 'ஊடு' என்பது நடுவே, உள்ளே என்று பொருள்படும் சொல். ஊடல் வேறு.

ரோஸ் ஹில், வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. ஆறு பேர் தனி மடலில் எழுதினார்கள். நான்கு பேர் பாவனை பக்கம், ஒருவர் ஐயாவின் பக்கம், ஒருவர் எதுவானாலும் சரி என்கிறார். 'பாவனைகளம்', 'சுவடு' என்று எழுதி அனுப்பப் போகிறேன். ஐயா, உங்கள் சொல்லை விட மனமில்லை. பெரிய வகுப்பில் உவமவியல் நடத்தும் நாளில் அந்தத் திரையைத் திறந்து வைத்துச் சொல்லிக்கொடுப்பேன்.

போர்ட் லூயி, வியாழன் நள்ளிரவு

என் கருத்து மாறவில்லை, வினையுவமமே பொருத்தம். இருந்தாலும் அச்சுக்கு அனுப்புமுன் 'பாவனைக்களம்' என்று க் சேருங்கள். ஒற்று இல்லாவிட்டால் 'பாவனைகள்' என்று பிரித்துப் படித்துவிடுவார்கள். மூன்றாம் பக்கத் தலைப்பிலும் பாருங்கள்.