சைக்கிள் பந்தயத்தில் தப்பிச் சென்றவர்களை எவ்வளவு தூரம் விடலாம்? விளக்கம் தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். டூர் டி பிரான்ஸ் போன்ற பல நாள் சைக்கிள் பந்தயங்களில் சில வீரர்கள் சிறு குழுவாக முன்னால் பிரிந்து செல்லும்போது, பின்னால் வரும் பெருங்கூட்டம் எத்தனை நிமிட இடைவெளி வரை அதை விட்டுவைக்கலாம் என்பதை எப்படி முடிவுசெய்கிறது என்று அறிய உங்கள் உதவியை நாடுகிறேன்.

பத்து கிலோமீட்டருக்கு ஒரு நிமிடத்தைப் பெருங்கூட்டம் மீட்டுவிடும் என்ற பிரெஞ்சு வர்ணனையாளர் ராபர்ட் ஷபாத்தின் பழைய கணக்கு எனக்குத் தெரியும். எதிர்க்காற்றைத் தாங்கும் வேலையை மாறி மாறிப் பகிர்ந்துகொள்ளப் பின்னால் ஆள்பலம் உண்டு என்பதால், சமதரையில் அது பொருந்துவதும் விளங்குகிறது.

விளங்காதது 2006ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸின் 13ஆம் கட்டம். பெசியேயிலிருந்து மொந்தெலிமார் வரையிலான அந்த 230 கிலோமீட்டரில், காலையில் மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருந்த ஃப்ளாய்ட் லாண்டிஸைவிட 28 நிமிடம் 50 விநாடி பின்தங்கியிருந்த ஓஸ்கர் பெரெய்ரோ, மாலையில் 1 நிமிடம் 29 விநாடி முன்னிலையுடன், மொத்த நேரத்தில் முதலிடம் வகிப்பவருக்குரிய மஞ்சள் சட்டையை அணிந்தார். சட்டையைக் காக்கும் சுமையை வேறோர் அணியிடம் சில நாள் இறக்கிவைக்க லாண்டிஸின் அணி விரும்பியது நியாயமே. ஆனால் முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் பத்தாம் இடம் பெற்ற ஒருவருக்கு ஏறத்தாழ அரை மணி நேரத்தை விட்டுக்கொடுத்தது பெரும் துணிச்சலாகவே எனக்குப் படுகிறது. ஊக்கமருந்து விவகாரத்தில் லாண்டிஸ் நீக்கப்பட்டதும் பட்டம் பெரெய்ரோவுக்கே போனது.

பட்டத்துக்குப் போட்டியிட்ட மற்ற அணிகள் அன்று ஏன் துரத்தவில்லை? ஒவ்வோர் அணியும் அடுத்தது உழைக்கட்டும் என்று காத்திருந்ததா? பந்தயம் ஓட்டிய அனுபவமுள்ளவர்கள் விரிவாக விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.