இலவச மின்வளங்களுக்கும் வீட்டிலிருந்து பாஸ்வேர்ட் கேட்பது ஏன்?

மஸ்கெலியா மாணவி:
வணக்கம். நான் இறுதி வருடம். தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வைத்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிந்துபோன தோட்டக் குடும்பங்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். கம்பஸ் லைப்ரரி தளத்தில் 'இலவச மின்வளங்கள்' (இணையத்தில் வாசிக்கும் நூல்கள், சஞ்சிகைகள்) என்று ஒரு பக்கம் இருக்கிறது, அங்கே இருக்கும்போது எல்லாம் சுகமாகத் திறந்தது, லீவுக்கு வீட்டுக்கு வந்து அதே இணைப்புகளை அழுத்தினால் பாஸ்வேர்ட் கேட்கிறது, கொடுத்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. லயத்து வீட்டுக்குள் சிக்னல் இல்லை. கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு வரும். நேற்றுப் பின்னேரம் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு பதினொரு இணைப்பு பார்த்தேன்: ஐந்தில் பாஸ்வேர்ட், நான்கில் பக்கமே இல்லை, இரண்டுதான் திறந்தது. ரீலோட் போட்ட டேட்டாவில் பாதி போய்விட்டது. இலவசம் என்றால் எல்லோருக்கும் திறக்க வேண்டாமா?

பதுளை நூலக ஊழியர்:
தங்கச்சி, பிழை உங்களிடம் இல்லை. பாஸ்வேர்ட் கேட்கும் இணைப்பின் முகவரியைப் பாருங்கள், முன்னால் 'புரொக்சி' என்ற சொல் ஒட்டியிருக்கும். காசு கட்டி வாங்கும் தளங்கள் கம்பஸின் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்ணைப் பார்த்துத்தான் உள்ளே விடும், அதனால் வெளியே இருக்கிறவர்களை லொகின் செய்யச் சொல்லி, கம்பஸுக்குள்ளிருந்து வருகிற மாதிரி புரொக்சி வழியாக அனுப்புகிறோம். இலவசத் தளத்துக்கு அது தேவையே இல்லை. ஆனால் பட்டியலை மொத்தமாக ஏற்றும்போது எல்லா இணைப்புக்கும் அந்த முன்பகுதி சேர்ந்துவிடுகிறது. எங்கள் லைப்ரரியிலும் அப்படித்தான் இருந்தது, ஒவ்வொன்றாக உட்கார்ந்து நீக்கினேன். இப்போதைக்கு முகவரியில் சமக்குறிக்கு (=) பிறகு வரும் பகுதியை மட்டும் கொப்பி பண்ணித் திறந்து பாருங்கள்.

திறக்காத நான்கும் வேறு கதை. கட்டலொக்கில், அதாவது லைப்ரரியின் தேடல் பட்டியலில், ஒவ்வொரு பதிவிலும் 856 என்ற எண் கொண்ட கட்டத்தில்தான் இணைய முகவரியைப் போடுவோம், சஞ்சிகைக்காரர் தளத்தை மாற்றினால் அது அப்படியே செத்துவிடும். இணைப்பு சரிபார்க்கும் மென்பொருள் இருக்கிறது, ஆனால் 'இந்தத் தளம் விற்பனைக்கு' என்று ஒரு பக்கம் வந்தாலும் அது சரி என்றே சொல்லும், கண்ணால் பார்த்தால்தான் தெரியும். கட்டுரைக்கென்றே கொடுக்கும் நிரந்தர அடையாளமான டிஓஐ எண் இருந்தால் அதைப் பிடித்துப் போங்கள், தளம் மாறினாலும் பதிப்பாளர் புது முகவரியைப் பதிந்திருந்தால் சரியான இடத்துக்குப் போகும்.

காசு கட்டியது வேலை செய்யாவிட்டால் கம்பனிக்கு எழுதிக் கேட்கலாம், இலவசத்துக்கு நாங்கள்தான் காவல். தரம் பார்ப்பதும் எங்கள் வேலைதான். டிஓஏஜே என்ற, யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய (திறந்த அணுக்க) சஞ்சிகைகளின் பட்டியல் 2003இல் 300 சஞ்சிகைகளோடு தொடங்கியது, இன்று 20,000க்கு மேல், அவர்களே 2014இல் விதிகளை இறுக்கி 2016இல் சுமார் 3,300 சஞ்சிகைகளை நீக்கினார்கள். நானூறு இணைப்பைக் கொட்டி வைப்பதைவிட மாதாமாதம் பார்க்கக்கூடிய நாற்பது மேல், இதை நான் எங்கள் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன்.

பண்டாரவளை ஆசிரியர்:
மகள், உங்கள் தலைப்புக்கு 'நூலகம்' என்ற இணையத்தளத்தைப் பார்த்தீர்களா? 2005இல் தொண்டர்கள் தொடங்கியது, இலங்கைத் தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, சிறப்பு மலர் என்று ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள், லொகின் கிடையாது. மலையகம் பற்றிய பழைய வெளியீடுகளும் கிடைக்கும். நான் பார்த்த கம்பஸ் பக்கங்களில் வெளிநாட்டுத் தளங்கள்தான் வரிசையாக இருக்கின்றன, நம் மொழியில் இருப்பதற்கு ஒரு வரிகூட இல்லை, எனக்கு அது பெரிய மனவருத்தம். உள்நாட்டு ஆய்விதழ்களுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளம் இருக்கிறது. ஜேஸ்டோர் என்ற வெளிநாட்டு ஆய்வுக்கட்டுரைத் தளத்தில் சொந்தக் கணக்குத் திறந்தால் 30 நாளுக்கு 100 கட்டுரை இலவசமாக வாசிக்கலாம், ஆனால் தரவிறக்க முடியாது, சிக்னல் உள்ள இடத்தில் இருந்தேதான் வாசிக்க வேண்டும்.

பதுளை நூலக ஊழியர்:
சேர் சொன்னது முழுக்கச் சரி. எங்கள் பக்கத்தில் நூலகம் தளம் இருக்கிறது, ஆனால் கட்டலொக்கில் தேடினால் வராது. அங்கே உள்ள மலையக நூல்களுக்காவது பதிவு போட வேண்டும், இந்த மாதம் தொடங்குகிறேன்.

மஸ்கெலியா மாணவி:
அண்ணா, சமக்குறி வேலை செய்தது! ஐந்தில் நான்கு திறந்தன, எல்லாவற்றையும் போனில் இறக்கிக்கொண்டேன், இனி லயத்துக்குள் இருந்தே வாசிக்கலாம். சேர், நூலகம் தளத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கோயில் மலர் ஒன்று கிடைத்தது, அதில் இந்தியா போனவர்களின் பெயர்கள் ஒரு பக்கம் முழுக்க இருக்கின்றன. அம்மாவிடம் காட்டினேன், மூன்று பேரைத் தெரியும் என்றார். பாஸ்வேர்ட் இல்லாமலே திறந்த அந்த நான்கு இணைப்பையும் எங்கள் லைப்ரரிக்கும் எழுதி அனுப்பிவிட்டேன்.