கொடுவா மீன் புடிக்க எந்த மாசம் போலாமுங்க?

எல்லாருக்கும் வணக்கமுங்ணா, நான் பவானிங்க, கூடுதுறைக்கு கீழ காவேரில மைதா உருண்டை போட்டு கெண்டையும் ஜிலேபியும் புடிச்சே வளந்தவன், கடலப் பத்தி ஒரு எழவும் தெரியாது. போன மே மாசம் மச்சான் கூப்பிட்டான்னு பாலக்காடு வழியா பொன்னானி முகத்துவாரம் போயி ரெண்டு நாள் வெயில்ல காஞ்சோம். ஒரே ஒரு கடி, கொடுவாதான், தண்ணிக்கு மேல எகிறி தலைய ஒரு ஒதறு ஒதறுச்சு பாருங்க, லைன் தொங்கிப்போச்சு, சுத்தி எடுத்துப் பாத்தா நுனி பிளேடுல அறுத்த மாதிரி. செவுள் மூடி அவ்ளோ கூராமுங்க, அங்க ஒருத்தர் சொன்னார் (கொடுவாவ அந்தப் பக்கம் காளாஞ்சிங்கறாங்க).

இப்ப கேள்வி என்னன்னா, ஆத்துல புதுத்தண்ணி வந்து கடல்ல சேர்ற ஜூன் ஜூலைல போறதா, இல்ல மழை ஓஞ்சு தண்ணி தெளிஞ்சப்பறமா? அமாவாசை பௌர்ணமிக்கு ஓட்டம் ஜாஸ்தி, அஷ்டமிய ஒட்டி கம்மி, அதெல்லாம் தெரியும், ஆனா கொடுவாக்கு கடல் தண்ணி ஏறற ஏத்தம் நல்லதா, எறங்கற வத்தம் நல்லதா? ஏத்தம் வேற தினமும் முக்கா மணி நேரத்துக்கு மேல தள்ளித் தள்ளிப் போகுது, நமக்கு கெடைக்கறது ஞாயித்துக்கெழம மட்டுந்தான். லீடர் (முள்ளுக்கு முன்னால கட்டற தடி லைன்) எத்தன பவுண்டு? உசிரு எறாவா ரப்பர் மீனா? பரங்கிப்பேட்டை பக்கம் போறவங்களும் சொல்லுங்ணா, அங்க ஐப்பசி கார்த்திகைதான மழை, கணக்கே வேறயா இருக்குமே.