ஃபைபர் டேங்க் கசிகிறது, வழி சொல்லுங்கள்

பாம்பன் பக்கத்து மண்டபம் ஊரில் நானே கட்டிய சின்ன ஃபைபர் படகு. 40 லிட்டர் பெட்ரோல் டேங்கும் பாலியஸ்டர் ரெசினில் (ஃபைபர் துணியை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) நான் போட்டதுதான். இப்போது அடி மூலையில் கசிகிறது. உள்ளே தடவினால் பிசுபிசுப்பு; கார்பரேட்டரிலும் பசை மாதிரி படிந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ரெசினை இளக்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.

வெளியே எபாக்சி பூசினேன், 2 நாள்தான் தாங்கியது. பெட்ரோல் ஊறின இடத்தில் எதுதான் ஒட்டும்!

கழுவிக் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உள்பக்கம் வினைல் எஸ்டர் ரெசினில் (பாலியஸ்டரைவிட ரசாயனம் தாங்கும் பிசின்) 2 அடுக்கு ஃபைபர் ஒட்டலாமா? இல்லை, அறுத்துப் போட்டுவிட்டு அலுமினிய டேங்க் வைத்துவிடலாமா? நம் உப்புக் காற்றில் அது எத்தனை வருஷம் நிற்கும்? பாம்பன், தொண்டி பக்கம் செய்து பார்த்த அண்ணன்மார் சொல்லுங்கள். சோப்பு வைத்து அடைக்கச் சொல்லாதீர்கள், அதையும் செய்தாயிற்று.