மேனேஜர்களுக்குத் தன்னுணர்வுப் பயிற்சி: பலன் உண்டா, வெறும் மேல்பூச்சா?

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்
எங்கள் கம்பெனியில் டீம் லீட், மேனேஜர் எல்லோருக்கும் தன்னை உணர்ந்து தலைமை தாங்குவது பற்றி இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். மூச்சைக் கவனிப்பது, கோபம் உடம்பில் முதலில் எங்கே தெரிகிறது என்று பார்ப்பது, பதில் சொல்லும் முன் கொஞ்சம் நிறுத்துவது, இவ்வளவுதான். கேன்டீனில் பாதிப் பேர் நேரம் வீண் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் மேனேஜர் முன்பெல்லாம் கிளையன்ட் திட்டினால் அந்த போன் கால் முடிந்த கையோடு அதே சூட்டை எங்கள் மேல் இறக்குவார். இப்போது மைக்கை அணைத்துவிட்டு, "எனக்கு இப்ப கோபமா இருக்கு, பத்து நிமிஷம் கழிச்சுப் பேசுவோம்" என்று எழுந்து போகிறார். திரும்பி வந்ததும் "யார் பண்ணது?" என்று கேட்பதில்லை, "எந்த இடத்துல உடைஞ்சுது?" என்றுதான் கேட்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கு சர்வர் விழுந்து கிடக்கும்போது இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று அங்கே உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தெரியும்.

ஒரகடம்_லைன்2
கத்தாமல் இருப்பது நல்லதுதான், யார் இல்லை என்றார்கள். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அந்தப் பயிற்சியில் யாராவது கேட்டார்களா? எங்கள் பிளான்ட்டில் ஒரு சூப்பர்வைசர், குரலை உயர்த்தவே மாட்டார். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டால் தோளில் கை வைத்து, "உன் நிலைமை புரியுதுப்பா" என்பார், லீவு மட்டும் கிடைக்காது. எட்டுப் பேர் நிற்க வேண்டிய லைனில் ஆறு பேரை வைத்து ஓட்டினால் புத்தரே வந்தாலும் லீவு கொடுக்க முடியாது. மூச்சைக் கவனிக்கும் இந்த முறையின் மூலத்தையும் பாருங்கள். 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காகத் தொடங்கியது. 2007 வாக்கில் கூகுள் ஆபீசுக்குள் வகுப்பாக வந்து, அப்புறம் ஊரெல்லாம் பரவியது. வலியைத் தாங்கச் சொல்லிக்கொடுக்கிறார்களே தவிர, அந்த வலியைக் கொடுப்பது யார் என்று யாரும் கேட்பதில்லை.

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்
இங்கே பயிற்சி வலியைத் தாங்குகிறவனுக்கு இல்லை சார், கொடுக்கிற இடத்தில் இருப்பவருக்கு. அதனால்தான் பேசுகிறேன்.

ஓடுபாதை
ஒரகடம் சார், ஆள் பற்றாக்குறை ஒரு பக்கம் இருக்கட்டும். மேலே இருப்பவரின் மனம் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு விமானத் துறையில் ஒரு சம்பவம் இருக்கிறது. 1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் 173, டிசி-8 ரக விமானம், அங்கே போர்ட்லாண்ட் நகரில் இறங்க வேண்டியது. சக்கரத்தை இறக்கும்போது பலத்த சத்தம், சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்ட வேண்டிய விளக்கும் எரியவில்லை. கேப்டன் அனுபவசாலி, பொறுப்பானவர். பயணிகளைத் தயார்படுத்த வேண்டும், சக்கரத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எரிபொருள் குறைவதைச் சொன்னார்கள், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. அவர் காதில் அது ஏறவும் இல்லை. கடைசியில் என்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்று ஊருக்குள் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். அவர் கத்தவும் இல்லை, யாரையும் மிரட்டவும் இல்லை. தன் கவனம் எங்கே சிக்கியிருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை, அவ்வளவுதான். 1981-இல் அதே யுனைடெட் நிறுவனம் விமானக் குழுவுக்கான புதுப் பயிற்சியைத் தொடங்கியது, இன்று உலகம் முழுக்க அது இருக்கிறது.

ஒரகடம்_லைன்2
நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. அவர்கள் கேப்டனைக் கண்ணை மூடி உட்காரச் சொல்லவில்லை, கீழே இருப்பவன் வாயைத் திறக்க வழி செய்தார்கள். டொயோட்டாவில் லைன் ஓரமாக ஒரு கயிறு வைத்தார்கள். எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம், இழுத்தால் லீடர் ஓடி வர வேண்டும், சிக்கல் தீராவிட்டால் லைன் நிற்கும். மேனேஜருக்குக் காலையில் வீட்டில் சண்டையா, மனசு தெளிவா என்றெல்லாம் அந்தக் கயிறு பார்க்காது. எனக்கு அந்த மாதிரி ஏற்பாடு போதும்.

வார்டு_இன்சார்ஜ்
தம்பி, கயிறு தொங்கும், இழுக்கத்தான் ஆள் வராது. நான் ஒரு வார்டுக்குப் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்த பெண் இன்சுலின் ஊசியை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சிஸ்டர், இந்த அளவு சரியான்னு ஒரு தடவை பாருங்களேன்" என்று கேட்கிறாள். சார்ட்டில் இருந்து நிமிரும்போது இன்சார்ஜ் முகம் சுருங்கினால் போதும், வாய் திறந்து திட்ட வேண்டியதே இல்லை, மறுநாள் அவள் கேட்க மாட்டாள், தானே போட்டுவிடுவாள். கேட்கலாம் என்று விதி சுவரில் ஒட்டியிருக்கும், ஆனால் அவள் பார்ப்பது முகத்தை. 1990-களில் எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல குழு என்று பெயர் வாங்கிய வார்டுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பயப்படாமல் வெளியே சொன்னார்கள் என்பதைத்தான் அவர் காரணமாகக் கண்டார். தன் முகம் என்ன சொல்கிறது என்று தெரியாத ஒருத்தர் கீழே நீங்கள் எத்தனை கயிறு கட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

ஒரகடம்_லைன்2
அக்கா சொல்வதை ஏற்கிறேன், முகம் பற்றி நான் யோசிக்கவில்லை. ஆனால் இதிலிருந்து இன்னொரு கேள்வி வருகிறது. அந்த முகம் மாறியதா என்று யாரைக் கேட்க வேண்டும்? அந்தப் பெண்ணைத்தானே? ஓஎம்ஆர், உங்கள் ஆபீசில் பயிற்சி முடிந்ததும் கருத்துப் படிவத்தை யார் நிரப்பினார்கள்?

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்
கலந்துகொண்டவர்கள் மட்டும்தான். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. நீங்கள் சொல்வது நியாயம், தனக்குத் தன்னுணர்வு வந்துவிட்டதா என்று அவரே மார்க் போட்டுக்கொள்வதில் அர்த்தம் இல்லை. பெயர் போடாமல் டீம் முழுக்க நிரப்பும் படிவம் வேண்டும் என்று ஹெச்ஆருக்கு எழுதப்போகிறேன். ஆனால் ஆள் எடுத்தபிறகு இதைப் பார்ப்போம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆள் எடுக்க வருஷம் ஆகும், அதுவரைக்கும் தினமும் திட்டு வாங்குவது யார்?

ஒரகடம்_லைன்2
சரி, எழுதுங்கள். அந்தப் படிவத்திலேயே, எத்தனை நாள் லீவு கேட்டீர்கள், எத்தனை நாள் கிடைத்தது என்று ஒரு கேள்வியையும் சேர்த்துவிடுங்கள். அதை வைத்துக்கொள்கிறார்களா, அடித்துவிடுகிறார்களா என்று இங்கே வந்து சொல்லுங்கள்.