புதுப்பிப்பு: சதுரத்துக்கு மட்டும் ஏன் பாதிச் சுற்றளவு? விடை கிடைத்துவிட்டது

முன்பு கேட்டிருந்தது இதுதான்: வட்டத்தின் பரப்பை ஆரத்தைப் பொறுத்து வகையிட்டால் (அதாவது ஆரம் துளி கூடும்போது பரப்பு எந்த வீதத்தில் கூடுகிறது என்று பார்த்தால்) சுற்றளவு வருகிறது. கோளத்தின் கனஅளவை வகையிட்டால் புறப்பரப்பு. சதுரத்தின் பரப்பைப் பக்கத்தைப் பொறுத்து வகையிட்டால் மட்டும் பக்கத்தைப் போல் 2 மடங்கு, அதாவது பாதிச் சுற்றளவுதான் வருகிறது. ஏன்?

"படம் போட்டுப் பாருங்க" என்று ஒருவர் சொன்னார். அவருக்குப் பெரிய நன்றி. வட்டத்தின் ஆரம் துளி கூடினால் சுற்றிலும் ஒரே தடிமனில் வளையம் சேர்கிறது; அதன் பரப்பு ஏறக்குறைய சுற்றளவு × தடிமன். சதுரத்தில் ஒரு மூலையை நிலையாக வைத்துப் பக்கத்தை நீட்டினால் இரண்டு பக்கங்களில்தான் பட்டை சேரும். எதிர்மூலையில் சேரும் குட்டிச் சதுரம் எல்லை எடுக்கும்போது (பட்டையின் தடிமனைப் பூஜ்ஜியத்தை நோக்கிக் குறைக்கும்போது) கழன்றுவிடும்.

சரி, மையத்திலிருந்து அளந்தால்? மையத்துக்கும் பக்கத்துக்கும் உள்ள தூரம் அ என்று வையுங்கள். பரப்பு 4அ². வகையிட்டால் 8அ, முழுச் சுற்றளவு! கனசதுரத்துக்கு 8அ³ என்பது 24அ² ஆகிறது. ஆறு முகங்கள், ஒவ்வொன்றும் 4அ². சமபக்க முக்கோணத்திலும் உள்வட்ட ஆரத்தை (அதுவும் மையத்துக்கும் பக்கத்துக்கும் உள்ள தூரம்தான்) வைத்துப் போட்டேன், அச்சாக வருகிறது.

நீள அகல விகிதம் மாறாமல் வளரும் செவ்வகத்தில் இது நடக்காது. அங்கே பட்டையின் தடிமன் நான்கு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. (இதையெல்லாம் பிளஸ் டூவில் யாரும் படமாகக் காட்டவில்லை, சூத்திரம்தான்.)

நீள்வட்டத்தை யாராவது முயன்று பார்த்தீர்களா?