மாடியில் இரண்டாவது ரவுட்டர் வைத்தபின் கீழ்வீட்டிலும் இணையம் விட்டுவிட்டு வருகிறது

செம்பருத்தி:
வணக்கம். எங்கள் கூடத்தில் உள்ள ஃபைபர் பெட்டியே மோடமாகவும் வைஃபை ரவுட்டராகவும் வேலை செய்கிறது. மாடி அறைக்கு சிக்னல் எட்டாததால், சென்ற வாரம் இன்னொரு ரவுட்டர் வாங்கி, கூடத்துப் பெட்டியிலிருந்து 20 மீட்டர் கேபிளை மாடிப்படி ஓரமாக இழுத்து, புதிய ரவுட்டரின் மஞ்சள் துளைகளுள் ஒன்றில் செருகினேன். அன்று மாலை நன்றாகவே இருந்தது. மறுநாள் முதல், கைப்பேசியில் வைஃபை முழுதாகத் தெரிந்தும் ‘இணையம் இல்லை’ என்று வருகிறது. சிறிது நேரத்தில் தானாகச் சரியாகி மீண்டும் போய்விடுகிறது. கூடத்துப் பிரின்டரும் சில நேரம் அச்சிடுகிறது, சில நேரம் கிடைக்கவில்லை என்கிறது. மாடி ரவுட்டரை அணைத்தால் கீழே எல்லாம் ஒழுங்காகிவிடுகிறது. மாலையில் இணையவழி வகுப்பு எடுப்பதால் மாணவர்கள் காத்திருக்க நேர்கிறது, உதவுங்கள்.

வானம்பாடி:
இரு பெட்டிகளின் அடியிலும் ஒட்டியுள்ள தாளில் அமைப்புப் பக்கத்தின் முகவரி இருக்கும். அதையும், மடிக்கணினிக்கும் பிரின்டருக்கும் இப்போது கிடைத்திருக்கும் ஐ.பி. முகவரிகளையும், அதாவது வலையில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்களையும், எழுதுங்கள் அம்மா.

செம்பருத்தி:
இரண்டு தாளிலும் 192.168.1.1 என்றே இருக்கிறது. மடிக்கணினி 192.168.1.3 என்று காட்டுகிறது. பிரின்டரின் சிறு திரையிலும் அதே 192.168.1.3 இருப்பதை இப்போதுதான் கவனித்தேன்.

முனைக்கம்பி:
கோளாறு அந்த எண்களிலேயே இருக்கிறது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீடு, அலுவலகம் போன்ற உள்வலைகளுக்கென்றே 1996இல் வெளியான வரையறையில் ஒதுக்கப்பட்டவை. பழைய வகை ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான் என்பதால், வீட்டுக் கருவிகள் எல்லாம் உள்ளே இத்தகைய எண்களை வைத்துக்கொண்டு, வெளியே செல்லும்போது ரவுட்டரின் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. எத்தனையோ வீடுகளில் இதே 192.168.1.1 இருக்கலாம், ஒரே வீட்டுக்குள் இரண்டு இருக்கக் கூடாது.

ரவுட்டரில் டி.எச்.சி.பி. என்றொரு பணி உண்டு. புதிதாக வந்து சேரும் கருவிக்கு முகவரி கொடுத்து, வெளியே போகும் வாசல், அதாவது கேட்வே, எது என்றும் சொல்வது அதுவே. உங்கள் வீட்டில் இரு பெட்டிகளும் அதைச் செய்கின்றன; ஒன்று கொடுத்த எண் மற்றதற்குத் தெரியாததால், மடிக்கணினிக்கும் பிரின்டருக்கும் ஒரே எண் விழுந்திருக்கிறது. இரு பெட்டிகளும் 192.168.1.1 தாமே என்று பதில் சொல்வதால், கருவி அனுப்பும் தரவு சில வேளை கூடத்துப் பெட்டிக்கும், சில வேளை வெளிவழியே இல்லாத மாடி ரவுட்டருக்கும் போகிறது. விட்டுவிட்டு வருவதற்குக் காரணம் இதுதான். இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் மீது குறையில்லை.

முதலில் அந்த நீளக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இதை மறந்தால் நீங்கள் திறப்பது எந்தப் பெட்டியின் பக்கம் என்றே தெரியாது. மடிக்கணினியை மாடி ரவுட்டருடன் மட்டும் இணைத்து, அமைப்புப் பக்கத்தின் லேன் (உள்வலை) பகுதியில் அந்த ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். புதிய முகவரியில் மறுபடி நுழைந்து டி.எச்.சி.பி.யை நிறுத்துங்கள். பிறகு கேபிளை முன்போலவே மஞ்சள் துளையில் செருகலாம்; வேன் (WAN, வெளி இணைப்பு) என்று எழுதிய நீலத் துளை காலியாகவே இருக்கட்டும். அடுத்து, கூடத்துப் பெட்டியின் பக்கத்தில் டி.எச்.சி.பி. வழங்கும் எண்களை 192.168.1.100 முதல் 200 வரை என்று சுருக்குங்கள். இல்லையெனில் 2ஆம் எண்ணை வேறொரு கருவிக்கு அது கொடுத்துவிடக்கூடும்.

வானம்பாடி:
கேபிளை நீலத் துளைக்கு மாற்றி, மாடி ரவுட்டருக்கு 192.168.2.1 என்று வைத்தாலும் இணையம் வருமே?

முனைக்கம்பி:
வரும். ஆனால் மாடி தனி வலையாகிவிடும். அங்கிருக்கும் மடிக்கணினியின் தேடலில் கூடத்துப் பிரின்டர் தானாகத் தென்படாது. இவருக்கு அச்சும் வேண்டும் என்பதால் நான் அதைச் சொல்லவில்லை.

செம்பருத்தி:
சொன்ன வரிசையிலேயே செய்தேன் ஐயா. டி.எச்.சி.பி.யை நிறுத்தியதும் மடிக்கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டியதால் பயந்துபோனேன். கேபிளைச் செருகி வைஃபையை அணைத்துப் போட்டதும் 192.168.1.104 வந்தது. நேற்றும் இன்றும் வகுப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. பிரின்டர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை என்கிறது.

முனைக்கம்பி:
முகவரி கொடுக்க யாரும் இல்லாதபோது கணினி தானே வைத்துக்கொள்ளும் எண் அது, பயப்பட வேண்டியதில்லை. பிரின்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்; மடிக்கணினி அதைப் பழைய 192.168.1.3இல் தேடிக்கொண்டிருக்கும், அந்தப் பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

செம்பருத்தி:
அச்சு வந்துவிட்டது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.